கொள்ளைநோயும் கணக்கேடும்: டீபோவின் நாவல் குறித்துச் சில கருத்துக்கள்

டானியல் டீபோவின் 'கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு' (1722) வரலாறா, நாவலா என்னும் விவாதம் பழையது. 1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் வாட்டியபோது டீபோ ஏறக்குறைய ஐந்து வயதுச் சிறுவன். எனவே நூலைக் கண்கண்ட சாட்சியமாகக் கொள்வதற்கில்லை. ஆயின் அதன் யதார்த்தம் பிறிதோரிடத்தே, எண்களை அது வாசிக்கும் முறையிலே, தங்கியுள்ளது என்பது எமது கருத்து. எண்கள் நிறைந்த பக்கங்களைக் கலைக்குப் புறம்பானவையெனத் தள்ளிவிட்டுப் படிப்போர் நூலின் மையத்தையே தவறவிடுகின்றனர்.

அக்காலத்து இலண்டனில் இறப்புப் பட்டியல்கள் வாரந்தோறும் கோவிற்பற்று வாரியாக வெளிவந்தன. இறப்பின் காரணத்தைக் கண்டு கூறியோர் பெரும்பாலும் வறிய முதுபெண்டிர். நோய் கண்ட வீட்டை அதிலுள்ள நலமுடையோருடன் சேர்த்தே அடைத்துவிடும் வழக்கமிருந்தமையால், குடும்பத்தார் காரணத்தை மறைக்க முயன்றனர், கையூட்டும் உதவிற்று. காரணத்தை மாற்றி எழுதலாம். புதைகுழிகளின் தொகையை மறைப்பது அத்துணை எளிதன்று. வழமையான ஆண்டின் தொகையைக் கழித்தால் எஞ்சுவதே இன்று 'மிகை இறப்பு' எனப்படுவது. 1625ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை இவ்வாறு ஆராய்ந்த துணி வணிகர் ஜோன் கிறோண்ட், பதிவானதிலும் ஏறத்தாழக் காற்பங்கு அதிகமானோர் அந்நோயால் மாண்டிருத்தல் வேண்டுமென 1662இலேயே எழுதினார். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கோவிட் இறப்புக்களுக்கும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது: அறிவிக்கப்பட்டவை 5.4 மில்லியன், உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்ட மிகை இறப்பு 14.9 மில்லியன்.

டீபோவின் கதைசொல்லி சேணம் விற்கும் வணிகன். சென் கைல்ஸ் கோவிற்பற்றில் வாரம் பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரையான வழமைத் தொகை உயர்வதைக் கண்டதுமே, கொள்ளைநோய் என்ற சொல் பட்டியலில் இல்லாதபோதும், அவன் ஐயுறுகிறான். சரக்கிருப்பைச் சரிபார்க்கும் கண்ணே இங்கும் தொழிற்படுகின்றது. தெய்வகோபம் என்று கூறி அமைதி கொள்ளாது கணக்கை விசாரிக்கும் இம்மனப்பாங்கு, எழுச்சியுற்று வந்த முதலாளித்துவ வர்க்கத்தின் முற்போக்கான பக்கமாகும்.

மறுபக்கமும் உண்டு. பட்டியலின்படி 1665இல் இறந்தோர் 97,306. அவருள் கொள்ளைநோயால் மாண்டோர் 68,596. பின்னைய தொகையை ஏற்காத கதைசொல்லி, நோயினால் மட்டும் ஒரு நூறாயிரம் பேராவது மாண்டனர் என்கிறான். ஒளிக்கப்பட்ட பிணங்களை இத்துணை முயன்று மீட்கும் அவனே, தொழிலிழந்த வறியோர் முப்பது நாற்பதாயிரம் பேரை நோய் கொண்டுபோனமை துயரமே ஆயினும் நகருக்கு ஒருவகை விடுதலை எனவும் கருதுகிறான்; அவர்கள் எஞ்சியிருப்பின் தாங்கொணாச் சுமையாயிருப்பர் என்பது அவன் வாதம். கணக்கேட்டின் வரவுப் பக்கத்தில் அவர்கள் எழுதப்பட்டுவிட்டனர்! இதனை ஆசிரியரின் அங்கதமெனக் கொள்வாரும் உளர். ஆயின் நகராட்சியினரின் நிருவாகத்தை நூல் நெடுகிலும் அவன் மெச்சும் தொனி அவ்விளக்கத்துக்கு இடந்தரவில்லை.

இன்னுமொன்று. மிகையை அளக்க 'வழமை' என்றோர் அளவுகோல் வேண்டும். கொள்ளைநோய் இல்லாத ஆண்டுகளிலும் வறியோர் சேரிகளில் பசியாலும் காய்ச்சலாலும் குழந்தைகள் மாண்டுகொண்டேயிருந்தனர். அவை கழிக்கப்படும் தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. டீபோவின் வணிகன் அத்தொகையை ஒருபோதும் விசாரிப்பதில்லை.