எதைப் பார்த்துச் சிமிட்டுகிறது?

மிரர்லெஸ் கேமராக்கள் பரவிய பிறகு ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. வ்யூஃபைண்டரிலேயே ஸீப்ரா கோடு ஓடுகிறது, எடுத்த படத்தில் வெளுத்துப்போன இடம் கறுப்பாகச் சிமிட்டுகிறது. இதற்குமேலும் எக்ஸ்போஷர் தவறினால் அது எடுப்பவரின் அலட்சியமாம்.

உச்சி வெயிலில் பின்திரையை நம்ப முடியாதபோது இந்தச் சிமிட்டல் பல படங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஸீப்ராவை 70 சதவீதத்தில் வைத்து முகத்தின் ஒளியைப் பார்ப்பது வீடியோக்காரர்களின் தேர்ந்த பழக்கம். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கும் பெரிய குறையில்லை.

ரா எடுப்பவர்தான் ஏமாறுகிறார். பெரும்பாலான கேமராக்களில் எச்சரிக்கை பிறப்பது சென்சார் தந்த 12 அல்லது 14 பிட் தரவிலிருந்து அல்ல. ஒயிட் பேலன்ஸும் பிக்சர் ஸ்டைலும் ஏறிய 8 பிட் ஜேபெக்கிலிருந்து. ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். பகல் வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸ் சிவப்புச் சேனலை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ரா-வில் பாதியே நிரம்பிய இதழ் ஜேபெக்கில் 255-ஐ முட்டும். சேனல்வாரியாகப் பார்க்கும் கேமரா பதறும். எடுப்பவர் ஒரு ஸ்டாப் குறைப்பார். இலை நிழலில் நாய்ஸ் மண்டும். மொத்த ஒளிர்வை மட்டும் பார்க்கும் கேமராவோ வாயே திறக்காது. அந்தக் கணக்கில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம்தான். சிவப்பு உண்மையிலேயே நிரம்பி இதழின் நரம்பெல்லாம் அழிந்தாலும் சிமிட்டல் வராது. ஒரே பூவுக்கு நேரெதிரான இரண்டு தீர்ப்புகள்!

உண்மையான அளவு வேண்டுமென்றால் 'யூனிடபிள்யூபி' என்ற குறுக்குவழி உண்டு: ஒயிட் பேலன்ஸின் பெருக்கத்தையே முடக்குவது. ஹிஸ்டோகிராம் ரா-வை நெருங்கும்; படம் முழுக்கப் பச்சையடிக்கும். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியிடம் நேர்மையான பதில் பெற இப்படியொரு தண்டனை.

முடியாத காரியமா? 2012-இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் ரா ஹிஸ்டோகிராமைக் காட்டியது. கேனான் கேமராக்களுக்கு 'மேஜிக் லான்டர்ன்' என்ற தன்னார்வலர் மென்பொருள் ரா ஸீப்ராவையே கொண்டுவந்தது. வெளியாட்கள் செய்ததைத் தயாரித்தவர்கள் செய்யாமலிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எடுபடாது.

கணினிக்கு வந்தாலும் இதே கதை. டார்க்டேபிள் மென்பொருள் மட்டும் இரண்டையும் பிரிக்கிறது: ரா நிரம்பியதற்கு ஒரு குறி, திரையில் வெளுத்ததற்கு வேறு குறி. லைட்ரூமிலோ ஜே விசையைத் தட்டினால் வரும் சிவப்பு, ஸ்லைடர்கள் ஏறிய படத்தைத்தான் பேசுகிறது. டோன் கர்வின் மேல்முனையைச் சற்று இறக்குங்கள். சென்சாரிலேயே அழிந்துபோன மேகம் சப்பென்ற சாம்பலாகும், சிவப்பும் மறைந்துவிடும்.