லைட்டா

காலை ஷிப்டு பஸ் வருவதற்குள் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு டீக்கடை ஓரம் சற்றே காது கொடுத்து நில்லுங்கள். "அண்ணே, ஒரு டீ, டிகாஷன் லைட்டா." "நைட்டு லைட்டா மழை." "லைட்டா தலை வலிக்குது மச்சான்." அடடா, எவ்வளவு இதமான சொல்!

ஆங்கிலத்தில் இதை வினையடையாக்க 'லி' என்றொரு வால் வேண்டும். அந்த வாலை நாம் வாங்கிக்கொள்ளவே இல்லை. 'லைட்'டை மட்டும் அழைத்துவந்து, நம் 'ஆக' பேச்சில் தேய்ந்த 'ஆ'வைப் பூட்டிவிட்டோம். நடுவில் அந்த 'ட்ட'வைக் கவனியுங்கள். ஒற்றை 'ட' என்றால் நம் நாக்கு அதைக் குழைத்து 'லைடா' ஆக்கிவிடும். இரட்டித்ததால் வல்லினம் கம்பீரமாக நிற்கிறது. இலக்கணம் படித்தா செய்தார்கள்? நாக்கே செய்துகொண்டது.

'லேசா' இருக்க இது எதற்கு என்பார்கள். (அந்த 'லேசு'ம் வடமொழி 'லேச'த்தின் வழி வந்த விருந்தாளிதான்.) ஆனால் 'லைட்டா'வில் ஒரு கண்சிமிட்டல் உண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கி வர, 'லைய்ய்ட்டா' என்று இழுப்பதைப் பாருங்கள்: சொல் நீள நீள, அளவு சுருங்குகிறது! உடம்பு கொதிக்கிறவரும் "லைட்டா காய்ச்சல்" என்பார். அது பொய் அல்ல, வீட்டில் யாரும் பதறக்கூடாது என்கிற பரிவு.

ஒரகடத்து ஆலைகளில் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு நியூட்டன் மீட்டரில் கணக்கு உண்டு. அதில் 'லைட்டா'வுக்கு இடமில்லை. ஆனால் அதற்கும் முன்னால், மரை தப்பிப் போகாமலிருக்க, போல்ட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்ற வேண்டும். "லைட்டா ஏத்தி விடு, அப்புறம் டைட் வை." விரல் நுனிக்கு மட்டுமே தெரிந்த அந்த அளவை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? ஆலையில் மட்டுமா? 2022-இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தது இதே வடக்குப்பட்டு மண்ணில்தான். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளும் கைக்கும் அந்த அளவுதான் வேண்டும்.

ஒன்று மட்டும். வீட்டுக்கு வந்தவர் "லைட்டா பசிக்குது" என்றால் நம்பிவிடாதீர்கள், இலையைப் போடுங்கள்.