படலைக்குப் படலை கடிக்கும் சப்பாத்து

தோல் எந்த ரகம், அடி எத்தனை தடிப்பு, தண்ணீர் எவ்வளவு நேரம் உள்ளே வராது என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. அதில் பொய் ஒன்றுமில்லை. ரொறன்ரோவிலிருந்து மச்சான் கொண்டுவந்த இந்தக் கணுக்கால் உயரச் சப்பாத்தைச் சில வாரமாக உடுப்பிட்டியில் போட்டுத் திரிகிறேன். வல்வெட்டித்துறை றோட்டுச் சூட்டுக்கும் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலுக்கும் முள்ளுக்கும் அது மசியவில்லை. மசிந்தது என் குதிக்கால்தான்.

“போடப் போடப் பழகும்” என்று சொல்லாத ஆளில்லை. அரை உண்மை. விரல் மடியும் இடத்துத் தோல் நடக்க நடக்க இளகும். அதற்காக முதலில் வீட்டுக்குள்ளும் பிறகு கடை மட்டுக்கும் போட்டு நடப்பது நல்லதுதான். குதியைச் சுற்றியுள்ள விறைப்பான பகுதியோ இளகக்கூடாது என்றே செய்யப்பட்டது. அதன் வேலை குதியைப் பிடித்து வைப்பது. அங்கே கால் தளர்ந்து ஏறி இறங்கினால் வருசம் கழிந்தாலும் கொப்புளம் வரும்.

தோல் உரசித் தேய்வதால் கொப்புளம் வருவதில்லை. மேல்தோல் சொக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு போய்வருகிறது. இடையில் அகப்பட்ட தோல் அடுக்குகள் இழுபட்டுப் பிரிய, அந்த இடைவெளியில் நீர் கட்டுகிறது. வியர்த்த தோல் இன்னும் இறுகப் பற்றும். தண்ணீர் புகாத உட்துணி வியர்வையை ஆவியாக வெளியே விடுமாம். அதற்கு வெளிக்காற்று காய்ந்திருக்க வேண்டும். கடற்கரைக்குக் கிட்டவுள்ள வடமராட்சியில் அந்த வித்தை பலிப்பது குறைவு.

இதையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது லேஸ். காலையில் கட்டி வேலை முடிந்த பிறகு அவிழ்க்கிறவருக்காகச் செய்த சப்பாத்து இது. இங்கே அயல்வீட்டு விறாந்தையில் கழற்ற வேண்டும், கோயில் வாசலில் கழற்ற வேண்டும், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் குனிந்து, துளைகளைத் தளர்த்தி, கொக்கிகளை விடுவித்து, பிறகு எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டும் பொறுமை எவருக்கு உண்டு? இரண்டு படலை தாண்டியதும் லேஸைத் தளர விட்டுக் காலைச் செருகுகிறோம். அந்த நிமிசமே குதி ஆடத் தொடங்குகிறது.

இதே கம்பனியின் பழைய மொடலில் பக்கத்தில் ஒரு சிப் இருந்தது. லேஸை ஒருமுறை அளவாகக் கட்டிவிட்டால் போதும். பிறகு இழுத்துக் கழற்றலாம், இழுத்துப் பூட்டலாம், பிடி மாறாது. அதற்காகவே இவர்களை விட்டு விலகாமல் இருந்தவன் நான். அந்தச் சிப்பை எடுத்துவிட்டுப் பளபளக்கும் கொக்கிகளைப் பதித்திருக்கிறார்கள்.

கையில் இருப்பதைச் சமாளிக்க வழியுண்டு. குதியைப் பின்னுக்குத் தட்டி இருத்தி, கொக்கிக்குக் கீழே லேஸை இரண்டு சுற்று முறுக்கி இறுக்குங்கள். பாதத்தின் மேல் பிடி தளராது. புறப்பட முன், உலர்ந்த குதியில் பாமசியில் விற்கும் கடதாசிப் பிளாஸ்ரரை ஒரு சுற்று, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பல நாள் நீளும் 250 கிலோமீற்றர் ஓட்டப் போட்டிகளில் 128 பேரை வைத்து ஸ்ரான்போர்ட் மருத்துவர்கள் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான பிளாஸ்ரர் கொப்புளங்களை 40 சதவீதம் குறைத்தது. நடக்கும்போது ஓரிடம் காந்தத் தொடங்கினால் அங்கேயே நின்று ஒட்ட வேண்டும். வீடு போய்ப் பார்க்கலாம் என்றால் பிந்திவிடும். கொப்புளம் வந்தபின் அதன் தோலை உரிக்காதீர்கள். புண்ணுக்கு அதுதான் மூடி.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் அடியார்களில் பலர் வெறுங்காலோடுதான் போகிறார்கள். தார் சுடும், முள்ளுக் குத்தும். ஆனால் வாசலுக்கு வாசல் அவிழ்த்துக் கட்டும் தொல்லை அவர்களுக்கு இல்லை.

கட்டட வேலை, மின்கம்ப வேலை என்று நாள் முழுக்கக் கழற்றாமல் நிற்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம்; நெடுங்காலம் உழைக்கும். கிராம அலுவலர், குடும்பநல மாது, ரியூசன் மாஸ்ரர் போலப் படலைக்குப் படலை ஏறி இறங்குகிறவர்கள், கம்பனி அந்தச் சிப்பைத் திருப்பித் தைக்கும்வரை காசைக் கையில் வைத்திருங்கள்.