முதல் பலியின் ஆட்டம்

திகில் படத்தின் முதல் காட்சியில் வீட்டில் தனியாக இருக்கும் பெண் பிழைக்கப்போவதில்லை என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். டாஸ் போடும் முன்பே முடிவு தெரிந்துவிட்ட ஆட்டம். தோற்கப்போகிறவர் எப்படி ஆடுகிறார் என்பதைப் பார்க்கத்தான் உட்காருகிறோம். அந்த வகையில், வெஸ் கிரேவன் இயக்கிய 'ஸ்க்ரீம்' (1996) படத்தில் ட்ரூ பேரிமோர் ஆடிய 12 நிமிடச் சொச்சத்தை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை என்பது என் கட்சி.

கேஸி பெக்கர் என்ற பள்ளி மாணவி அடுப்பில் பாப்கார்ன் வைத்திருக்கிறாள். போன் அடிக்கிறது. ராங் நம்பர். மறுபடியும் அடிக்கிறது. பிடித்த பேய்ப்படம் எது என்று அந்தக் குரல் கேட்க, 'ஹாலோவீன்' என்கிறாள். பேச்சுவாக்கில் சமையலறைக் கத்தி ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு மறுபடி செருகுகிறாள். இதுவரை பேரிமோர் முகத்தில் பயத்தின் சாயலே கிடையாது. முகம் தெரியாத பையனோடு கடலை போடும் பெண்ணின் உற்சாகம்தான் இருக்கிறது. வேறு யாராவது நடித்திருந்தால் இரண்டாவது அழைப்பிலேயே கண்ணை உருட்டத் தொடங்கியிருப்பார்கள்.

யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவேண்டும், அதற்காகத்தான் பெயர் கேட்கிறேன் என்று அவன் சொல்லும் இடத்தில் காட்சி திரும்புகிறது. பேரிமோர் உடனே அலறவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்கிறார். அவன் மழுப்பியதும், நீ அப்படிச் சொல்லவில்லையே என்று மடக்குகிறார். சந்தேகம் முதலில் வருகிறது, அடுத்து எரிச்சல், அதற்கும் பிறகுதான் பயம். என் காதலன் ஃபுட்பால் ஆடுகிறவன், வந்தால் உன்னைத் தொலைத்துவிடுவான் என்று மிரட்டும்போது குரல் லேசாகப் பிசிறடிக்கிறது. அந்தக் காதலனோ ஏற்கெனவே வீட்டின் பின்புறம் நாற்காலியில் கட்டப்பட்டுக் கிடக்கிறான். 'ஃப்ரைடே தி தெர்ட்டீன்த்' படத்தின் கொலைகாரன் யார் என்ற கேள்விக்கு, அழுகைக்கு நடுவிலும் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில் ஜேசன் என்று கத்துகிறாள். தவறு. 1980இல் வந்த முதல் படத்தில் கொலை செய்தது ஜேசனின் அம்மா. திகில் படங்களைக் கரைத்துக் குடித்தவர்களே சறுக்கும் இடம் இது.

குரல் கொடுத்த ரோஜர் எல். ஜாக்சன் படப்பிடிப்புத் தளத்திலேயே, நடிகர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு நிஜமாகவே போனில் பேசினார். பேரிமோரின் பதில்களில் அந்தச் சூடு தெரிகிறது. டப்பிங்கில் ஒட்டவைத்த குரலுக்கு இப்படி எதிர்வினை காட்ட முடியாது.

இந்த மரபில் முன்னால் வந்தவை வேறு மாதிரி. 'ஜாஸ்' (1975) படத்தில் முதல் பலியாக வந்த சூசன் பேக்லினி ஒரு ஸ்டண்ட் கலைஞர். உடம்பில் கட்டிய கயிறுகளை இழுத்துத்தான் அவரைத் தண்ணீரில் அலைக்கழித்தார்கள். சுறா கண்ணிலேயே படுவதில்லை. அதன் பலம் முழுவதையும் அவர் உடம்புதான் காட்டியது. 'ஹாலோவீன்' (1978) தொடக்கத்தில் கேமராதான் நடிகர். ஆறு வயதுப் பையனின் கண் வழியாக நாமே மாடியேறிப் போகிறோம். சாகும் அக்காவுக்கு நடிக்க வாய்ப்பே இல்லை. 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' (1979) தொடக்கத்தில் போன் அழைப்புகளுக்கு நடுவே தவித்த கேரல் கேன்தான் பேரிமோருக்கு நேர் முன்னோடி. ஆனால் கேன் ஏற்ற பெண் உயிர் பிழைக்கிறாள்.

பேரிமோர் முதலில் ஒப்பந்தமானது கதாநாயகி சிட்னி வேடத்துக்கு. கேஸியைக் கேட்டு வாங்கிக்கொண்டது அவரேதான். போஸ்டரில் அவர் முகம்தான் பெரிதாக இருந்தது. இவ்வளவு பெரிய நட்சத்திரத்தை இத்தனை சீக்கிரம் கொல்லமாட்டார்கள் என்று தியேட்டர் நம்பியது. ஹிட்ச்காக்கே 'சைக்கோ'வில் ஜேனட் லீயை முக்கால் மணி நேரம் வரை விட்டுவைத்தார் அல்லவா!

கத்திக்குத்தெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பெற்றோரின் கார் வந்து நிற்கிறது. சில அடி தூரத்தில் அம்மா. கேஸியால் கூப்பிட முடியவில்லை, தொண்டையிலிருந்து காற்று மட்டும் வருகிறது. கையில் இன்னமும் அந்தக் கார்ட்லெஸ் போன். வீட்டுக்குள் ரிசீவரை எடுக்கும் அம்மாவின் காதில் விழுவது மகளின் கடைசி மூச்சு. வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளில் பேரிமோர் காட்டும் பரிதவிப்பு, அலறல்களைவிடப் பல மடங்கு.

பின்னால் வந்த பாகங்கள் விதியை வளைத்துப் பார்த்தன. 2022 படத்தில் முதலில் தாக்கப்படும் ஜென்னா ஒர்டேகா பிழைத்துக்கொள்கிறார், நன்றாகவே நடித்திருக்கிறார். 2023இல் சமாரா வீவிங்கைக் குத்திய கையோடு கொலைகாரன் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறான், சற்று நேரத்தில் அவனும் கொல்லப்படுகிறான். கெட்டிக்காரத் திரைக்கதைதான். ஆனால் அந்த அவசரத்தில் வீவிங் போன்ற நல்ல நடிகைக்கு நின்று ஆட நேரம் கொடுக்கவில்லை.