தோம்பும் துவக்கும்: இராணுவமயச் சூழலில் யாழ்ப்பாணக் காண்பியக் கலை

இராணுவமயமாக்கம் கலையைப் பாதிப்பது போர்க் காட்சிகளைத் தீட்டச் செய்வதன் மூலம் மட்டுமன்று. எது நினைவுச் சின்னமாக உயரலாம், எது மறக்கப்பட வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்க முற்படுகிறது. ஆகவே, ஓவியத்தில் துவக்கு உண்டா எனத் தேடுவதினும், நிலமும் நினைவும் யார் வசம் உள்ளன என வினவுவதே விமர்சனத்தின் கடன் எனக் கருதுகிறோம்.

குடாநாட்டுக்கு வெளியே, கிளிநொச்சியில், 2009இல் போர் முடிந்த பின் அரசு எழுப்பிய வெற்றிச் சின்னம், எறிகணை துளைத்த பெரும் கொங்கிறீற்றுக் கட்டியாகவும் அதன் உச்சியில் மலரும் தாமரையாகவும் அமைந்தது. குடாநாட்டினுள், கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில், 2011இல் இராணுவப் படைப்பிரிவொன்றின் தலைமையகம் திறக்கப்பட்டது. அழிக்கப்பட்ட துயிலும் இல்லமும் படைத்துறை ஒழுங்கில், நிரைநிரையாக அமைந்ததே. ஒடுக்குவோருக்கும் ஒடுக்கப்படுவோருக்கும் உள்ள வேறுபாட்டை மறைப்பது எமது நோக்கமன்று. எனினும், ஈரிடத்தும் போராளியோ படைவீரனோதான் வரலாற்று நாயகன். இடம்பெயர்ந்த சாதாரண மக்கள் அங்கு இல்லை.

இவ்வெற்றிடத்திலேயே தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) முக்கியம் பெறுகிறது. தோம்பு என்பது ஒல்லாந்தர் தம் ஆட்சித் தேவைக்காக எழுதிய நிலப்பதிவேடு. அந்த ஆதிக்க வடிவத்தை ஓவியர் மக்கள் பக்கம் திருப்புகிறார். வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களும் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்கள், கட்டடக்கலைஞரின் அளவைப் படங்கள், ஓவியரின் சித்திரங்கள் ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் நிலமிழந்தோரையும், அதே ஆண்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களையும் அறிந்த வாசகருக்கு இவ்விணைப்பின் அரசியற் பொருள் விளங்கும். கிணறும் வேலியும் அடுக்களையும் இங்கு சாட்சியங்களாகின்றன.

ஆனால், ஒரு வினா எஞ்சுகிறது. உறுதி உடைமையாளனின் ஆவணம். யாழ்ப்பாணச் சாதியமைப்பினால் தலைமுறைகளாக நிலமற்றிருந்த கூலி உழைப்பாளிக்கு இழப்பதற்கு உறுதியேது? நினைவை ஆதாரமாகக் கொள்வதால் இந்நூல் உறுதியின் எல்லையை ஓரளவு கடக்கிறது. எனினும், வீட்டையே இழப்பின் அளவுகோலாகக் கொள்ளும் கலை, போருக்கு முந்திய சமூகத்தை முரண்பாடற்றதாகக் காட்டும் அபாயம் உண்டு.

வலிகாமம் வடக்கில் காணிகள் முற்றாக விடுவிக்கப்படாத இன்றும், நில மீட்பைக் கோரும் கலை, அந்நிலத்தில் உழைத்தவர் யார் என்பதையும் தன் தோம்பில் எழுதவேண்டும். அப்பக்கம் எழுதப்படும்வரை தோம்பு முற்றுப்பெறாததே.