மல்லிகைக்கு ஒரு கரைசல், மாநிறத்துக்கு ஒரு கரைசல்

முகூர்த்த நாளில் குமணன்சாவடி முனையில் நின்றால், மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் திரும்பும் கல்யாண வண்டிகளைப் பார்க்கலாம். அந்த மணமக்களின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போடுவது டார்க் ரூம் வேலைகளிலேயே கடினமானது. எண்ணெய் மினுங்கும் தலைமுடி, மாநிற முகம், சரிகை, வெள்ளை வேட்டி, மல்லிகைச் சரம் எல்லாம் ஒரே தாளில் வந்தாக வேண்டும். ஹார்டு பேப்பரில் போட்டால் மல்லிகை இதழ் பிரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். சாஃப்ட் பேப்பரில் இதழ் பிரியும். ஆனால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகி, முடியின் கறுப்பும் செத்துப்போகும்.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, ‘இந்து’ பெயரில் நம் ஊர்ப் பேப்பரே ஸ்டுடியோக்களுக்கு வந்தது. கிரேடட் பேப்பர் எந்தக் கம்பெனியுடையதானாலும் ஒரு பெட்டிக்கு ஒரு கிரேடுதான்; எவ்வளவு சாஃப்ட், எவ்வளவு ஹார்டு என்பதைச் சொல்லும் எண் அது. இரண்டாம் கிரேடுக்கும் மூன்றாம் கிரேடுக்கும் நடுவே ஒரு நெகட்டிவ் நின்றுவிட்டால், பெட்டியை மாற்றிப் பயனில்லை. டிரேயில் இருக்கும் டெவலப்பர் கரைசலைத்தான் மாற்ற வேண்டும். எனக்கு இந்தக் கலையில் பிடித்த இடம் அதுதான்.

பேப்பர் டெவலப்பரில் வேலை செய்பவை இரண்டு சரக்குகள். மெட்டால் படத்தைச் சீக்கிரம் எழுப்பும். மெல்லிய சாம்பல் நிறங்கள் முதலில் அதனால்தான் தெரியும். ஹைட்ரோகுவினோன் தாமதமாக வந்து கறுப்பைக் கட்டும். கோடாக்கின் டி-72 சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே செய்வதைவிட அதிகம் செய்யும். நல்ல கலவைதான், ஆனால் அதன் குணம் ஒன்றே ஒன்று.

டாக்டர் பீர்ஸ் என்பவர் தன் சூத்திரத்தில் அந்த இரண்டையும் பிரித்து வைத்தார். ஏ கரைசலில் மெட்டால் 8 கிராம், பி கரைசலில் ஹைட்ரோகுவினோன் 8 கிராம். இரண்டிலும் சல்பைட், சோடா, கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடு. ஏ 8 பங்கும் தண்ணீர் 8 பங்கும் சேர்த்தால் முதல் கலவை, மிகவும் சாஃப்ட். ஏ 7, பி 1 என்றால் இரண்டாவது. இப்படியே ஒவ்வொரு பங்காக மாற்றிக்கொண்டு போய், ஏழாவதில் தண்ணீரே இல்லாமல் ஏ 2, பி 14. முதலுக்கும் ஏழுக்கும் இடையே மொத்த வித்தியாசம் ஒரு கிரேடைச் சுற்றித்தான் இருக்கும். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. மல்லிகை இதழின் ஓரம் தெரிவதும் மறைவதும் அந்த ஒரு கிரேடுக்குள்தான். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இதே காரியத்தை இரண்டு டிரே வைத்துச் செய்தார்: முதலில் செலக்டால் சாஃப்ட் டெவலப்பர், பிறகு டெக்டால் டெவலப்பர். எதில் எவ்வளவு நேரம் என்பதில் அவர் கைவண்ணம்.

கரைக்கும்போது வரிசை முக்கியம். சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் சரியாகக் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மீதி சல்பைட்.

நம் பக்கத்து வெயில் இதில் தானும் ஒரு சரக்காகச் சேர்ந்துகொள்ளும். புத்தகங்கள் சொல்வது 20 டிகிரி. மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டித்தான் குழாயில் வருகிறது. பத்து டிகிரி ஏறினால் மெட்டாலின் வேகம் ஏறத்தாழ கால் பங்குதான் கூடும். ஹைட்ரோகுவினோனின் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே மார்கழியில் பதமாக வந்த அதே கலவை, கத்திரி வெயிலில் முரட்டுத்தனம் காட்டும். டெவலப்பர் டிரேயைப் பெரிய டிரேக்குள் வைத்துச் சுற்றிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது ஒரு வழி. ஐஸ் இல்லாத நாளில் நான் பி கரைசலில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன்.

நிறமும் கரைசலில்தான் இருக்கிறது. குளோரோபுரோமைடு பேப்பர் என்றால், புரோமைடைக் கொஞ்சம் கூட்டி வெளிச்சமும் கூடுதலாகக் கொடுக்கும்போது கறுப்பு பழுப்புப் பக்கம் சாயும். மாநிறத் தோலுக்கு அது உயிர் கொடுக்கும். வெறும் புரோமைடு பேப்பரில் அதே வேலையைச் செய்தால் பச்சை தட்டிவிடும் ஆபத்து உண்டு. பென்ஸோட்ரையஸோல் சேர்த்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். நீலம் கலந்த குளிர்ந்த கறுப்பு. கல் மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் அது பொருத்தம். கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு நான் ஒருபோதும் அதைத் தரமாட்டேன்.

ஈரப் பிரிண்ட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. காய்ந்ததும் வெளிர்ப்பகுதிகள் ஒரு படி இறங்கும். டிரேயில் பளிச்சென்றிருந்த மல்லிகை மறுநாள் காலையில் வாடியிருக்கும். அதனால் கல்யாணப் படத்துக்கு என் தேர்வு மூன்றாம் கலவை: ஏ 6, பி 2, தண்ணீர் 8. என்லார்ஜர் வெளிச்சத்தை மட்டும் ஈரத்தில் சரியாகத் தெரியும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவேன். முடியின் கறுப்பு போதவில்லை என்றால் நான்காம் கலவை. அதற்கு மேல் போவதில்லை.