காணாமற்போன இளவரசனும் மறுக்கப்பட்ட தாயும்

பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் மகன் 1795 ஜூன் 8ஆம் நாள் பாரிசின் தெம்பிள் சிறையில் பத்து வயதில் இறந்தான். அவன் இறக்கவில்லை, கடல் கடந்து இரோகுவா மக்களிடையே வளர்ந்தான் என்னும் கதைக்கு விரிவான வடிவம் தந்தவர் ஜான் ஹேன்சன். 1853இல் இதழ்க் கட்டுரையாகவும் மறு ஆண்டில் 'இழந்த இளவரசன்' என்னும் நூலாகவும் அவர் எழுதியவை, எலியேசர் வில்லியம்ஸ் என்னும் மோஹாக் சமயப் பரப்பாளரையே அவ்விளவரசராகக் காட்டின.

இந்நூலை ஆராய்வோர் பெரும்பாலும் உண்மையா, புரட்டா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றனர். அதற்கு விடை கிடைத்துவிட்டது. சிறையில் இறந்த சிறுவனுடையதெனப் பாதுகாக்கப்பட்ட இதயம் அரசி மரி அந்துவானெத்தின் தாய்வழி உறவினருடையதே என்பதை 2000இல் மரபணுச் சோதனை உறுதிப்படுத்தியது. என்னை உறுத்துவது வேறு. எலியேசர் தம் வயிற்றில் பிறந்த பிள்ளையே என மோஹாக் தாய் உறுதிமொழி அளித்தார். ஹேன்சன் அதனை ஏற்கவில்லை. உடல் தழும்புகளையும் முகச்சாயலையுமே பெருஞ்சான்றாகக் கொண்டார். தழும்புக்குள்ள மதிப்புத் தாயின் சொல்லுக்கு இல்லை! மோஹாக் சமூகத்தில் குலமே தாய்வழி வருவது என்பதையும் சேர்த்து நோக்கினால் இம்மறுப்பின் கடுமை விளங்கும்.

இதனினும் வியப்பான வரலாறு அக்குடும்பத்திலேயே இருந்தது. எலியேசரின் தந்தைவழிக் கொள்ளுப்பாட்டி யூனிஸ் வில்லியம்ஸ், 1704இல் டியர்ஃபீல்டு தாக்குதலின்போது ஏழு வயதில் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயச் சிறுமி. வெள்ளையர் குழந்தை மோஹாக் இல்லத்தில் வளர்ந்த இவ்வுண்மை நிகழ்ச்சியின் மேல்தான் இளவரசன் கதை ஏறி அமர்ந்தது என்று கருதுகிறேன். ஆனால் யூனிஸை யாரும் மறைத்து வைத்திருக்கவில்லை. போதகரான தந்தை நேரில் சென்று அழைத்தும் அவர் திரும்பவில்லை. மோஹாக் ஒருவரை மணந்து, 1785இல் கானவாகேயிலேயே இறந்தார்.